குட்டியில் கொடுத்த மருந்து

ஒரு நாள் பட்டினி போட்ட சுண்டெலியை, வெளிச்சம் பாய்ச்சிய அகலமான பெட்டியின் ஓரத்தில் இறக்கிவிடுகிறார்கள். தீனி நடுவில் இருக்கிறது. பசி இழுத்தாலும் பயம் விடாது. சுவரை ஒட்டியே சுற்றுகிறது. எவ்வளவு நேரம் கழித்து வாய் வைக்கிறது என்பதுதான் கணக்கு. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூக்ஸெட்டினை 5 நாள் கொடுத்துப் பார்த்தார்கள், மாற்றமில்லை. 28 நாள் கொடுத்தபின் தயக்கம் குறைந்தது. 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு இது.

மருந்து முதல் நாளே செரட்டோனினைப் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகேன் தாமதம்? செரட்டோனினைச் சுரக்கும் நரம்பணுக்களின் மேலேயே 5-எச்டி1ஏ என்ற ஏற்பிகள் இருக்கின்றன. மேல்தொட்டி மிதவையைப் போல, அளவு கூடினால் சுரப்பை அடக்குவது இவற்றின் வேலை. வாரக்கணக்கில் அளவு கூடியே இருந்தால் இவை மரத்துப்போய், சுரப்பு பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. இந்த ஏற்பியே இல்லாமல் உருவாக்கிய சுண்டெலிகளிடம் ஃப்ளூக்ஸெட்டின் எடுபடவில்லை. ஆனால் மனச்சோர்வுக்கான பழைய மருந்தான இமிப்ரமின் எடுபட்டது!

இதுவரை நல்ல சேதிதான். என்னை உறுத்துவது 2004-ல் வந்த இன்னொரு ஆய்வு. பிறந்த 4-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை மட்டும் குட்டிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். வளர்ந்தபின் சோதித்தபோது அவை திறந்தவெளியில் நடமாடத் தயங்கின. புது இடத்தில் தீனியைத் தொட நேரமெடுத்தன. மின்னதிர்ச்சி பட்டும் தப்பியோட மெத்தனம் காட்டின. வளர்ந்த சுண்டெலியின் பயத்தைத் தணிக்கும் மருந்து குட்டிக்குள் பயத்தை நட்டுவைத்திருக்கிறது. வளரும் மூளையில் நரம்பு இணைப்புகளை அமைப்பதிலும் செரட்டோனினுக்குப் பங்குண்டு. அந்த நேரத்தில் அளவு மாறினால் அமைப்பே மாறலாம். சுண்டெலியின் அந்த நாட்களை, மனிதரில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களோடும் அதையடுத்த குழந்தைப் பருவத்தோடும் ஒப்பிடுகிறார்கள்.

சுண்டெலி மனிதரல்ல, சிகிச்சை பெறாத மனச்சோர்வும் ஆபத்துதான் என்பார்கள் மருத்துவர்கள். நியாயம்தான்; இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் அதே 2004-ல், சிறுவர்களிடமும் பதின்பருவத்தினரிடமும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று இவ்வகை மருந்துகளின் குறிப்பில் கட்டமிட்டு எச்சரிக்க அமெரிக்க அரசு உத்தரவிட்டது. அதற்கு ஆதாரமான சோதனைகள் 4 முதல் 16 வாரம் வரை நடந்தவை. சுண்டெலி முழு வளர்ச்சியடைய இரண்டு மூன்று மாதம் போதும், அதனால் பின்விளைவு ஆய்வகத்திலேயே தெரிந்துவிட்டது. மனிதப் பிள்ளைக்கு இருபது வருடம் ஆகும். எட்டு வயதில் மாத்திரை தொடங்கிய பிள்ளையை இருபத்தெட்டில் திரும்ப அழைத்துப் பார்க்க எந்த மருந்துச் சீட்டிலும் தேதி போடுவதில்லை.