இரண்டு பெட்டிகளும் பத்து இராகங்களும்

வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிப் பாட்டுகளையும் ஒரே மேடையில் கேட்கலாம். அம்மேடையின் ஓரத்தில் ஒருவர் ஒரு தட்டைப் பெட்டியைக் குச்சியால் தட்டிக்கொண்டு நிற்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அப்பெட்டியில் தோலும் இல்லை, வாரும் இல்லை. ஆயினும் தபலா, பம்பை, தவில், உடுக்கை ஆகிய அனைத்தும் அதிலிருந்து வருகின்றன. 'ரிதம் பேட்' என்று இதற்குப் பெயர்.

இத்தகைய பெட்டிகளின் முன்னோர்களில் இரண்டு, 1982-ஆம் ஆண்டு பம்பாயில் ஓர் இந்திய இசைக்கலைஞரின் கையில் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு அவர் பத்து இராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு விற்கவில்லை. ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அது மேல்நாட்டு இசையுலகில் ஒரு பெரும் வழக்கையே கிளப்பிவிட்டது. அந்தக் கதையையும் அதற்குள் ஒளிந்திருக்கும் இயற்பியலையும் பார்ப்போம்.

முதலில் பெட்டிகள். ஜப்பானில் 1972-இல் இக்குத்தாரோ ககேஹாஷி தொடங்கிய ரோலண்ட் நிறுவனம், 1980-இல் டி.ஆர்.-808 என்ற தாளப் பெட்டியையும், அடுத்த ஆண்டு டி.பி.-303 என்ற கீழ்ஸ்தாயிப் பெட்டியையும் வெளியிட்டது. துணைக்கு ஆளில்லாமல் தனியே கிட்டார் பயிலும் ஒருவருக்கு, ஒரு பெட்டி தாளம் போடும். மற்றொன்று பேஸ் கிட்டார் வாசிக்கும். அதாவது இரண்டு ஆட்களின் வேலையை இரண்டு பெட்டிகள் செய்யும் என்பது திட்டம். திட்டம் பலிக்கவில்லை. டி.பி.-303-இன் ஒலி பேஸ் கிட்டாரைப் போலவே இல்லை. 1984-இல் அதன் உற்பத்தி நின்றது, டி.ஆர்.-808 அதற்கு முந்திய ஆண்டே நின்றுவிட்டது.

ஏன் அந்த ஒலி வேறுபட்டது? இங்குதான் நமக்கு வேலை இருக்கிறது.

தாளப் பெட்டிக்குள் மத்தளத்தின் ஒலிப்பதிவு எதுவும் இல்லை. அக்காலத்தில் உண்மையான மத்தள ஒலியைப் பதிந்து வைத்துத் திருப்பித் தரும் அமெரிக்கப் பெட்டி ஒன்றும் இருந்தது. அதன் விலையோ ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே ஜப்பானியப் பொறியாளர்கள் மின்சுற்றுகளைக் கொண்டே ஒலியை உருவாக்க முனைந்தனர். கோயில் மணியை ஒருமுறை அடித்தால் அது தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்ந்து மெல்ல மெல்லத் தேய்கிறதல்லவா? மின்தடைகளும் மின்தேக்கிகளும் கொண்ட ஒரு சுற்றையும் அவ்வாறே 'அடிக்கலாம்'. ஒரு குறுகிய மின்துடிப்பைச் செலுத்தினால் அது நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அலைவுற்றுத் தேய்கிறது. ஒலிபெருக்கியில் அது பெரிய பேரிகையின் 'தும்' என்ற ஓசையாக வெளிவருகிறது.

ஜாலரா ஒலிக்கு வேறு தந்திரம். வீட்டிலுள்ள பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிப் பாருங்கள். அதில் இன்ன சுரம் என்று சொல்ல முடியாதபடி பல அதிர்வெண்கள் கலந்திருக்கும்; அவை ஒன்றுக்கொன்று முழுஎண் மடங்காக இரா. இதைப் போலி செய்ய, ஒன்றோடொன்று பொருந்தாத ஆறு அதிர்வெண்களில் சதுர அலைகளை உண்டாக்கிக் கலந்தார்கள். தாளப் பெட்டியின் சீறல் ஒலிக்காகத் தொழிற்சாலைகள் குறைபாடுடையவை என்று கழித்துவிட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கியதாகக் ககேஹாஷி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். குறைக்கடத்தித் தொழில்நுட்பம் முன்னேறக் குறைபாடுள்ள டிரான்சிஸ்டர்கள் கிடைப்பது அரிதாகிப் பெட்டியின் உற்பத்தியும் நின்றதாம். தரம் உயர்ந்ததால் நின்றுபோன பொருள் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

கீழ்ஸ்தாயிப் பெட்டியைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்வோம். உங்களுக்கு இசைவான ஒரு சுருதியில் 'ஊ' என்று நீட்டி ஒலியுங்கள். சுருதியை மாற்றாமல் மெல்ல 'ஓ', 'ஆ', 'ஏ', 'ஈ' என்று வாயை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள். சுரம் ஒன்றே, ஆனால் ஒலியின் நிறம் மாறுகிறது. குரல்வளை அடிப்படை அதிர்வையும் அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களையுடைய மேற்சுரங்களையும் ஒருசேரத் தருகிறது. எந்த மேற்சுரம் ஓங்கவேண்டும், எது அடங்கவேண்டும் என்பதை வாயின் வடிவம் தீர்மானிக்கிறது.

டி.பி.-303-இல் குரல்வளையின் இடத்தில் ஓர் அலையியற்றி உள்ளது. அது தரும் ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. இரண்டாவதின் வீச்சு அடிப்படையில் பாதி, மூன்றாவதின் வீச்சு மூன்றிலொரு பங்கு, இவ்வாறு குறைந்துகொண்டே செல்லும். வாயின் இடத்தில் ஒரு மின் வடிகட்டி. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேற்பட்டவற்றை அது தடுத்துவிடும். அந்த எல்லையை ஒரு குமிழால் ஏற்றலாம், இறக்கலாம். மற்றொரு குமிழைத் திருகினால் எல்லைக்கு அருகிலுள்ள மேற்சுரம் மட்டும் ஒத்ததிர்வால் ஓங்கி ஒலிக்கும். இரண்டையும் சேர்த்துத் திருகும்போது 'வ்யாவ்' என்று பூனை கத்துவது போன்ற ஓர் ஒலி பிறக்கிறது. கிட்டார்க் கம்பி என்றும் எழுப்பாத ஒலி அது.

இனி மனிதர். சரண்ஜித் சிங் 1940-இல் பிறந்தவர். பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் கிட்டார், பேஸ் கிட்டார், மின் விசைப்பலகை ஆகியவற்றை வாசித்தவர். சங்கர்–ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன் போன்றோருக்காகப் பணிபுரிந்தார்; திருமண விழாக்களிலும் வாசித்தார். இவரைப் போன்றோரின் பெயர் இசைத்தட்டு உறையில் இராது. சிங்கப்பூர் சென்றபோது இவ்விரு பெட்டிகளையும், ஜூப்பிட்டர்-8 என்ற விசைப்பலகையையும் வாங்கி வந்தார். திரைப்படங்களில் டிஸ்கோ தாளம் கொடிகட்டிப் பறந்த நேரம். அத்தாளத்தின்மீது இராகங்களை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தபலாவையும் தம்பூராவையும் விலக்கிவிட்டு எல்லாவற்றையும் பெட்டிகளிடம் ஒப்படைத்தார். 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற அந்த இசைத்தட்டை 1982-இல் கிராமபோன் கம்பெனி வெளியிட்டது.

அதிலுள்ள இராகங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. பூபாளி என்பது நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். யமன் நம் கல்யாணி. கலாவதி நம் வலஜி.

ஹிந்தோளத்தையே எடுத்துக்கொள்வோம். இவ்வகைக் கருவிகளில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாகப் பிரித்திருப்பதால் ஒவ்வொரு படியும் பன்னிரண்டில் ஒரு பங்கு வோல்ட். ஹிந்தோளத்தின் ஐந்து சுரங்கள் 0, 3, 5, 8, 10 ஆகிய படிகளில் அமைகின்றன. ஆகவே சட்ஜத்தை 0 எனக் கொண்டால், காந்தாரம் 0.25, மத்தியமம் 0.42, தைவதம் 0.67, நிஷாதம் 0.83 வோல்ட். இந்த ஐந்து எண்களே பெட்டிக்குத் தெரிந்த ஹிந்தோளம்!

ஆனால் ஒரு சிக்கல். தம்பூராவோடு இழையும் சாதாரண காந்தாரத்தின் அதிர்வெண் சட்ஜத்தைப்போல் 1.2 மடங்கு, பெட்டியின் சமப் படியில் அது 1.189 மடங்குதான். ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு தாழ்ந்து நிற்கிறது. பயின்ற செவிக்கு இது உறுத்தும். மத்தியமமோ 1.335, இழையவேண்டிய அளவு 1.333. அங்கே பிழை மிகச் சிறிது. ஹார்மோனியத்தைப் பற்றி நம் வித்துவான்கள் சொல்லும் குறையும் இதுவேயாகும்.

கமகத்துக்கு என்ன வழி? பெட்டியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் ஏற்பாடு உண்டு. மின்னழுத்தம் சட்டென்று தாவாமல், ஒரு மின்தடை வழியாக மின்தேக்கியை ஏற்றிக்கொண்டு மெல்ல உயரும். மின்தடை ஒரு லட்சம் ஓம், மின்தேக்கி 0.22 மைக்ரோ ஃபாரட் எனக் கொண்டால், இரண்டையும் பெருக்கி வரும் 22 மில்லி நொடியே அதன் காலமாறிலி. அதைப் போல மும்மடங்கு நேரத்தில், அதாவது 66 மில்லி நொடியில், சுரம் தன் இலக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை எட்டிவிடும். சிறிய தாவலானாலும் பெரிய தாவலானாலும் அதே நேரம்தான். பாடகர் ஒருபோதும் இப்படி வழுக்கமாட்டார். தோடியின் காந்தாரத்தை அசைப்பதுபோல் அசைக்கவும் இதனால் இயலாது. ஆகவே இராகத்தின் மேல்வரியைச் சிங் ஜூப்பிட்டர்-8-இல் தம் கையாலேயே வாசித்தார். கீழே ஓடும் வரியை மட்டும் பெட்டிக்கு விட்டார். இது நல்ல முடிவு என்பது என் கருத்து.

இரண்டு பெட்டிகளும் தாளம் தவறாமல் இணைந்து ஓடுவது எப்படி? ஒரு கம்பிவடம் இரண்டையும் இணைக்கிறது. அடி ஒன்றுக்கு 24 மின்துடிப்புகளை ஒரு பெட்டி அனுப்ப மற்றொன்று எண்ணிக்கொள்கிறது. நிமிடத்திற்கு 120 அடி என்றால் நொடிக்கு 48 துடிப்பு. ஒரு சுற்றில் 16 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு துடிப்புகள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை இரண்டிரண்டாகப் பிரித்தால் இப்பதினாறு கட்டங்களில் அச்சாகப் பொருந்தும். மிசுரசாபு வேண்டுமானால் 14 கட்டங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதே நேரத்தில் இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே அந்நாட்களில் இருவர் இருவராக இசைக்குழுக்கள் முளைத்தன. காரணம் எளிது: தாளத்தையும் கீழ்ஸ்தாயியையும் பெட்டிகள் பார்த்துக்கொண்டால், பாட ஒருவரும் விசைப்பலகைக்கு ஒருவரும் போதும். அவ்விரட்டையர்களுள் ஒன்று பிளமாஞ். நீல் ஆர்தர், ஸ்டீபன் லஸ்கம் ஆகிய இருவரும் 1979-இல் தொடங்கியது. 1982-இல் வந்த இவர்களது 'லிவிங் ஆன் தி சீலிங்' என்ற பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம் பெற்றது. அதில் பெட்டிகளின் தாளத்தின்மேல் சிதாரும் தபலாவும் ஒலிக்கின்றன. அவற்றை வாசித்தவர்கள் தீபக் கசாஞ்சி, பண்டிட் தினேஷ் என்னும் மனிதர்கள்தாம். எந்த ஆண்டில் பம்பாய்க்காரர் தபலாவை விலக்கிப் பெட்டியைப் பிடித்தாரோ, அதே ஆண்டில் லண்டன் இரட்டையர் பெட்டிக்குப் பக்கத்தில் தபலாவைக் கொண்டுவந்து வைத்தனர். 1984-இல் லஸ்கம் ஆஷா போன்ஸ்லேயைப் பாடவைத்தும் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. இரட்டையர் 1986-இல் பிரிந்தனர். 2011-இல் மீண்டும் ஒரு தொகுப்புடன் வந்தனர்.

சிங்கின் இசைத்தட்டோ மறக்கப்பட்டது. இதற்கிடையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், மலிவாகக் கிடைத்த பழைய டி.பி.-303 ஒன்றை வாங்கிய மூன்று இளைஞர்கள், அதன் குமிழ்களை மனம்போனபடி திருகி ஒரு நடன இசையை உண்டாக்கினர். 1987-இல் வெளிவந்த அது 'ஆசிட் ஹவுஸ்' என்ற பெயரில் ஐரோப்பா முழுதும் பரவியது. பின்னர் நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் என்ற சேகரிப்பாளர் சிங்கின் இசைத்தட்டை இந்தியாவில் கண்டெடுத்து 2010-இல் மறுபடி வெளியிட்டபோது, கேட்டவர்கள் திகைத்தனர். ஐந்தாண்டு முன்னதாகவே பம்பாயில் அதே ஒலியா? யாரோ செய்த கேலிப் பதிவு என்று கூடச் சிலர் ஐயுற்றனர். சிங்கே அந்த இசையின் தந்தை என்று வேறு சிலர் எழுதினர்.

இது மிகையான பட்டம். சிகாகோ இளைஞர்கள் சிங்கின் இசைத்தட்டைக் கேட்டு அந்த ஒலியைக் கற்றவர்கள் அல்லர். பின் எப்படி ஒற்றுமை வந்தது? இருவரிடமும் இருந்தது அதே அலையியற்றி, அதே வடிகட்டி, அதே 66 மில்லி நொடி வழுக்கல், அதே பதினாறு கட்டச் சுழற்சி. ஒரே அச்சில் வார்த்த செங்கல் கிருஷ்ணகிரியிலும் சிகாகோவிலும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? கேட்க வேண்டிய வேறுபாடு மற்றொன்று. சிகாகோக்காரர்கள் சுரத்தை ஏறக்குறைய நிறுத்திவைத்து, குமிழைத் திருகி ஒலியின் நிறத்தை ஓயாமல் மாற்றினர். சிங் இராக வரம்புக்குள் சுரங்களை விரித்தார். பெட்டியிடம் இவர் கேட்டது வேறு, அவர்கள் கேட்டது வேறு.

நம் பக்கத்திலும் இக்காலத்தில் பெட்டிகள் நுழைந்தன. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமே குழல் வாசிப்பவர், 1979-இல் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். கச்சேரி மேடைகளில் இன்று அத்தகைய பெட்டி இல்லாத மேடை குறைவு. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி வழியாகச் சுரங்களைக் கோத்த இசையைப் பயன்படுத்தினார். அதற்குப் பின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாத்தியக்காரர்களின் எண்ணிக்கை குறையலாயிற்று. நாற்பது வயலின் கேட்ட இடத்தில் ஒரு விசைப்பலகை நின்றது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் இயந்திரம் வந்தபின் கைகள் குறைந்ததை நேரில் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரண்ஜித் சிங்கே வாத்தியக்காரர்தாம். பேஸ் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். பேஸ் கிட்டார்க்காரரின் வேலையைப் பறிக்கச் செய்த பெட்டியை அவரே விலை கொடுத்து வாங்கி, தம் பெயர் உறையில் வரும் ஓர் இசைத்தட்டை அதில் செய்துகொண்டார்.

மறுவெளியீட்டுக்குப் பின், எழுபது வயதைக் கடந்த நிலையில், அவர் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். 1984-இல் விலைபோகாமல் நின்ற டி.பி.-303 பெட்டிகளோ பல மடங்கு விலைக்குச் சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. அதே சுற்றைக் கணக்கீடாக மாற்றிய செயலி ஒன்று கைப்பேசியிலும் கிடைக்கும். கிடைத்தால், 0, 3, 5, 8, 10 என்ற படிகளை அதில் கோத்து ஓடவிட்டு, வழுக்கலை ஒவ்வொரு சுரத்திலும் ஒருமுறை போட்டும் ஒருமுறை எடுத்தும் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் அது ஹிந்தோளமாகத் தொடங்குகிறது என்பதை உங்கள் செவியே சொல்லும்.