வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டா? பாஸ்போர்ட் அல்ல, நாள்கணக்குதான் பேசும்!

“துபாய்ல சம்பாதிக்கிறவருக்கு இங்கே ஏது வரி?” என்பார் ஒருவர். “இந்தியக் குடிமகன்னா எங்கே சம்பாதிச்சாலும் கட்டித்தான் ஆகணும்” என்பார் இன்னொருவர். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இரண்டுமே பாதி உண்மைதான்.

ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைவிட, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதையே வருமான வரிச் சட்டம் முக்கியமாகப் பார்க்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு வரும் கொரிய இன்ஜினீயர்கூட 182 நாள் தங்கினால், வரிக்கணக்கில் இங்கே வசிப்பவர்தான்.

செப்டம்பர் 28... ஏன் முக்கியம்?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியர், ஓராண்டில் 182 நாள்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால் என்.ஆர்.ஐ. அங்கே உழைத்து, அங்குள்ள கணக்கில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்களுக்கு மட்டும் 120 நாள் என்ற தனிக்கணக்கு உண்டு.

முதன்முறையாக வேலைக்குக் கிளம்புபவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும். செப்டம்பர் 28-க்குப் பிறகு விமானம் ஏறினால் 182 நாள் நிறைந்துவிடும். மார்ச் வரை அங்கே வாங்கும் சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வரும் பணம்

கணவர் மனைவிக்கோ, மகன் பெற்றோருக்கோ அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் வரி கட்ட வேண்டாம். ஆனால், அதை மனைவி டெபாசிட் செய்தால், அந்த வட்டி கணவரின் வருமானமாகவே கணக்கிடப்படும். பெற்றோர் டெபாசிட் செய்தால், வட்டி பெற்றோரின் வருமானம்.

என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு வரி இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கு உண்டு. வங்கியே 30 சதவிகிதமும் செஸ்ஸும் பிடித்துக்கொள்ளும். மொத்த வருமானம் குறைவு என்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம்: ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற 2025 பட்ஜெட் சலுகை, இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. ஊரிலுள்ள வீட்டு வாடகை போன்ற இந்திய வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே, புதிய முறையில் என்.ஆர்.ஐ-க்கு வரி தொடங்கிவிடும்.

ஊர் திரும்பும்போது...

பல ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புபவருக்கு, பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகள் இடைக்கால நிலை கிடைக்கும். அதுவரை அங்குள்ள வங்கி வட்டி, வாடகைக்கு இங்கே வரி இல்லை. அதன்பின் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும். அங்கேயும் வரி கட்டியிருந்தால், இரட்டை வரி ஒப்பந்தப்படி இங்கே கழித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்குகளையும் ரிட்டர்னில் குறிப்பிட வேண்டும். மறைத்தால், கறுப்புப் பணச் சட்டத்தில் விதிக்கப்படக்கூடிய 10 லட்சம் ரூபாய் அபராதம், வருடக்கணக்கில் சேர்த்த சேமிப்பையே கரைத்துவிடும்.

எனவே, பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப்போடாதீர்கள். அதிலுள்ள இமிகிரேஷன் முத்திரைகள்தான் உங்கள் நாள்கணக்குக்குச் சாட்சி!