உங்களுக்குத் தெரியுமா? எழுத்து அழிந்த ரேடியோ வால்வையும் இனங்காணலாம்

1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் நடந்த சோதனை ஒலிபரப்புக்கான கருவியை, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டே தந்தித் துறைப் பொறியியலாளர்கள் அமைத்தார்கள். அந்நியப் பாகம் என்று ஒதுக்கியிருந்தால் இலங்கை வானொலியின் அந்தத் தொடக்கமே இல்லை. ஆகவே பள்ளிவாசல்துறை போன்ற உப்புக்காற்று ஊர்களில் பழைய பேட்டரி ரேடியோ கிடைத்தால், எழுத்து அழிந்துவிட்டது என்று அதன் வால்வுகளைக் குப்பையில் போட அவசரப்பட வேண்டாம். கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் மிச்ச எழுத்தும் போய்விடும். வாயால் ஊதி ஆவி படியவிட்டால் மங்கிய எழுத்து சில கணம் தெரிவதுண்டு. பிலிப்ஸ், முல்லார்ட் வால்வில் ‘டிஎல்96’ (DL96) என்று தெரிந்தால், ‘டி’ 1.4 வோல்ட் இழையையும், ‘எல்’ ஒலிபெருக்கியை இயக்கும் கடைசிக்கட்ட வால்வையும், 9 ஏழு முள் கொண்ட சிறு அடியையும் குறிக்கும்.

அமெரிக்க வால்வுக்கு இது பொருந்தாதே என்றால், உண்மைதான். அங்கே முதல் எண்ணே ஏறக்குறைய இழையின் வோல்ட். அவர்களின் ‘1டி4’ (1T4) தான் ஐரோப்பாவின் ‘டிஎஃப்91’ (DF91). மல்டிமீட்டர் போதாதா என்றும் கேட்கலாம். இழை அறவில்லை என்று மட்டுமே அது காட்டும், வகையைக் காட்டாது. ஊகத்தில் 6.3 வோல்ட் கொடுத்தால் 1.4 வோல்ட் இழை எரிந்தே போகும்.