வெளியூர் வினாத்தாளும் உள்ளூர் அடைவெண்ணும்

1985-ல் படூரில் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, அங்கே படித்தவர்களுக்கு வினாத்தாள் தயாரித்தவர் படூரைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. பாடத்திட்டமும் வினாத்தாளும் அங்கிருந்தே வந்தன, முடிவும் அங்கிருந்தே வந்தது. தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழக அரசு கதவு திறந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்லூரிகளின் எண்ணிக்கையை அப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று அரசின் பொறியியல் கலந்தாய்வில் இடம்பெறுபவை மட்டுமே நானூறுக்கு மேல். படூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் காஞ்சிபுரத்துக்குப் போய், 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டது.

மாவட்டம் பழைய பெயருக்குத் திரும்பிய இந்த இடைவெளியில், இங்கே படிப்பை அளக்கும் கை இரண்டு முறை மாறிவிட்டது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 2001-ல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டதும், இரண்டாவது கை. 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஆனதிலிருந்து கல்லூரிக்கு அதன் சொந்தக் கைதான்.

முதல் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியது, அது யாருடையது என்று எவருக்கும் தெரியாது என்பதுதான். அரக்கு முத்திரையிட்ட உறையில் வினாத்தாள் வரும். விடைத்தாள் கட்டாகக் கட்டப்பட்டுப் போகும். வேறெங்கோ ஒரு திருத்தும் முகாமில், பதிவெண் மறைத்து வேறு எண் எழுதிய தாளை, மாணவனின் முகமறியாத ஓர் ஆசிரியர் சிவப்பு மையில் திருத்துவார். பல வாரங்கள் கழித்து அறிவிப்புப் பலகையில் எண்கள் ஒட்டப்படும். தன் எண்ணைத் தேடுகிறவனுக்கு இரண்டில் ஒன்று தெரியும்: பாஸ், இல்லையென்றால் அரியர். எந்தக் கேள்வியில் கோட்டை விட்டோம் என்பதை அறிய வழியில்லை. திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தேர்வெழுதியவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தகவல் உரிமைச் சட்டத்தை வைத்துத் தீர்ப்பளித்தது 2011-ல்தான்.

பாடம் நடத்தியவருக்கும் அதற்கு மேல் தெரிய வழியில்லை. தேர்ச்சி விழுக்காடு வரும். அதை வைத்து முதல்வர் அறையில் பாராட்டோ பாட்டோ கிடைக்கும். ஐந்து யூனிட்டில் எந்த யூனிட் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்பதை அந்த விழுக்காடு சொல்லாது. ஒரு பாடம் முடியும்போது மாணவனால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று பாடத்திட்டத்திலும் எழுதியிருக்காது. தலைப்புகள் மட்டும் கோடு போட்டு வரிசையாக நிற்கும்.

நில அளவைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். தியோடலைட்டின் தற்காலிகச் சரிசெய்தல்களை விவரி என்பது பதினாறு மதிப்பெண்ணுக்கு ஆண்டாண்டாக வந்த கேள்வி. கருவியைத் தொட்டே பார்க்காதவனும் லோக்கல் ஆத்தர் புத்தகத்தை இரண்டு இரவு உருப்போட்டுப் படம் வரைந்து பதினாலு வாங்கிவிடுவான். அதே பாடத்தின் செய்முறைத் தேர்வில் சங்கதி வேறு. வெயிலில் முக்காலியை ஊன்றி, மூன்று திருகுகளைத் திருகி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் திருகினால் குமிழி மறுபக்கம் ஓடும். எந்தத் திருகை எந்தத் திசையில் என்று கை தயங்குவதை எக்ஸ்டர்னலாக வந்தவர் ஒரு நிமிடம் பார்த்தாலே போதும், பையன் எத்தனை வகுப்பைக் கட்டடித்தான் என்பதுவரை தெரிந்துவிடும். அவர் ரெக்கார்டு நோட்டைப் புரட்டி, வைவாவில் இரண்டு கேள்வி கேட்டு, ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். அவர் பார்த்தது அத்தனையும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும், அல்லது அவரோடு பேருந்தேறிப் போய்விடும்.

இந்தக் குறையை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாக இருக்கட்டும் என்று 1948-49-லேயே ராதாகிருஷ்ணன் குழு சொல்லிவிட்டது. கற்றலின் நோக்கங்களைப் படிநிலைகளாக வகுத்த பெஞ்சமின் புளூம், தம் நூல் 1956-ல் வெளிவந்த சூட்டோடு, 1957-58-ல் இந்தியாவுக்கே வந்து பள்ளித் தேர்வுகளைத் திருத்த ஆலோசனை சொல்லியிருக்கிறார். அவருடைய ஆறு படிகள் பொறியியல் வினாத்தாளில் ஏறப் பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. ஏறியதற்குக் காரணம் அவரல்ல, வாஷிங்டன் உடன்பாடு. 1989-ல் ஆறு நாடுகள் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டின்படி, ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகள் சமமாக ஏற்கும். கல்லூரி என்ன நடத்தியது என்பதைவிட, மாணவர் என்ன கற்றார் என்பதற்கே சான்று காட்ட வேண்டும். 1994-ல் தொடங்கிய தேசிய தர அங்கீகார வாரியம் வழியாக 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது. இலங்கையும் அதே ஆண்டுதான். உடன்பாட்டின் பலன் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய முதல் அடுக்கின் பட்டங்களுக்கு மட்டுமே. இணைப்புக் கல்லூரிகள் அதே அங்கீகாரப் படிவங்களை நிரப்பினாலும் இரண்டாம் அடுக்குதான்.

இன்றைய பொறியியல் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் வலப்பக்கம் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் அந்தக் கேள்வி பாடத்தின் எந்தக் கற்றல் விளைவைச் சோதிக்கிறது என்பது, சி.ஓ. 1 முதல் 5 வரை. மற்றதில் புளூமின் எந்தப் படி என்பது, கே 1 முதல் கே 6 வரை. ‘விவரி’ என்றால் கே 2. ‘பகுத்தாய்க’ என்றால் கே 4. வினைச்சொல்லை மாற்றிப் படியை உயர்த்திவிட்டு, கேள்வியைப் பழையபடியே விட்டுவைக்கும் கைத்திறமும் உடன் வளர்ந்திருக்கிறது. ‘பகுத்தாய்க’ என்று கேட்டாலும் மாணவர் எழுதுவது அதே உருப்போட்ட இரண்டு பக்கத்தைத்தான்.

தேர்வு முடிந்ததும், ஒவ்வொரு விளைவும் எவ்வளவு எட்டப்பட்டது என்ற அடைவெண் கணக்கு தொடங்கும். பல துறைகள் பின்பற்றும் ஒரு முறை இது: வகுப்பில் குறைந்தது 70 விழுக்காட்டினர் ஒரு விளைவுக்கான இலக்கு மதிப்பெண்ணைத் தொட்டால் நிலை 3, 60 விழுக்காட்டினர் என்றால் 2, 50 என்றால் 1. தேர்வுக்கு 80 பங்கு எடை, மாணவரிடம் வாங்கும் கருத்துப் படிவத்துக்கு 20 பங்கு. 60 பேர் உள்ள வகுப்பில் 42 பேர் இலக்கைத் தொட்டு, படிவத்தின் சராசரி 2.8 என்றால் அடைவெண் 2.96. தொட்டவர் 41 பேர் மட்டுமே என்றால் 2.16. ஒரே ஒரு பையனின் ஒரே ஒரு மதிப்பெண், 0.8 பள்ளம். அந்தப் படிவமோ, செமஸ்டரின் கடைசி வகுப்பில் பைகளை மாட்டிக்கொண்டு கைபேசியில் நிரப்பப்படுவது. எல்லாக் கேள்விக்கும் 3 என்று தட்டிவிட்டுக் கேன்டீனுக்கு நடப்பார்கள். இதற்குப் பிறகு ஒவ்வொரு பாட விளைவையும் பட்டப்படிப்பின் விளைவுகளோடு 3, 2, 1 என்று பொருத்தும் அட்டவணை வேறு இருக்கிறது. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வருவதால் துல்லியமாகத் தெரிகிறது.

முன்பு தீபாவளி விடுமுறையில் ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப்போனது விடைத்தாள் கட்டு. இப்போது எடுத்துப்போவது எக்செல் கோப்பு. தர அங்கீகாரக் குழு வருகிற ஆண்டில் கோர்ஸ் ஃபைல்கள் அலமாரி கொள்ளாமல் மேசைக்கு இறங்கும்.

ஆனாலும் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். முதல் தலைமுறையாகப் பொறியியல் படிக்க வந்தவனுக்கு, இந்தப் பாடத்திலிருந்து நீ இதைக் கற்றிருக்க வேண்டும் என்று ஐந்து வரியில் முன்கூட்டியே சொல்வது பெரிய உதவி. மூன்றாவது விளைவில் வகுப்பே சறுக்கியது என்று அட்டவணை காட்டும்போது, அடுத்த ஆண்டு அந்த யூனிட்டுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். செய்முறைத் தேர்வில் இப்போது கருவி நிறுத்துவதற்கு இத்தனை, அளவீட்டுக்கு இத்தனை, கணக்குக்கு இத்தனை என்று மதிப்பெண் பிரிந்து கிடக்கிறது. எக்ஸ்டர்னல் அன்று பேருந்தில் கொண்டுபோனதில் ஒரு பகுதி தாளில் தங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகமே கோட்பாட்டுப் பாடங்களில் வகுப்புக்குள் போடும் மதிப்பெண்ணை 2017 விதிமுறையின் 20-லிருந்து 2021 விதிமுறையில் 40-ஆக உயர்த்தியது, செமஸ்டர் முழுக்கப் படிப்பவனுக்குக் கிடைத்த நியாயம்.

என் தயக்கம் வேறு இடத்தில். அன்று நடத்தியவர் ஒருவர், கேட்டவர் ஒருவர், திருத்தியவர் மூன்றாமவர். குருட்டுத்தனமான முறைதான், ஆனால் மூவருக்கும் ஒருவரையொருவர் காப்பாற்ற வேண்டிய கட்டாயமில்லை. தன்னாட்சியில் பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தல், இலக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ். இலக்கு 60 மதிப்பெண்ணா 50-ஆ என்று தீர்மானிப்பதும் அந்தத் துறையே. எட்டவில்லை என்றால் பாடத்தைத் திருத்தலாம், இலக்கையும் திருத்தலாம். இரண்டாவதற்கு ஒரு நிமிடம் போதும். அடைவெண் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும், கூடினால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்ற நிலையில், எண் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெளி ஆள் முற்றிலும் போய்விட்டார் என்றும் நினைக்க வேண்டாம். படூருக்குச் சற்று வடக்கே சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. அங்கே பெரிய வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ்., நாடு முழுவதும் தன் தகுதித் தேர்வை நடத்தியே பட்டதாரிகளை எடுக்கிறது. மற்ற பெரிய நிறுவனங்களும் அப்படியே. கேள்வி எடுத்தவர் யார் என்று தெரியாது, திருத்துவது கணினி, எதில் கோட்டை விட்டோம் என்ற விளக்கம் கிடையாது. மதிப்பெண் பட்டியலில் 60 விழுக்காடு போன்ற தகுதிகள் உள்ளே நுழைய மட்டும் வேண்டும். 2.96-ஐ யாரும் கேட்பதில்லை. அந்தத் தேர்வில் நம் பிள்ளைகள் எதில் தடுமாறினார்கள் என்ற விவரம் துறைக்குத் திரும்பி வருவதுமில்லை. வருவது எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற எண்ணிக்கை. அது விளம்பரப் பலகைக்குப் போகிறது. துறைகளிலோ இப்போது பட்டப்படிப்பின் 12 விளைவுகளை 11-ஆகச் சுருக்கிய புதிய படிவத்துக்கு ஏற்ப, பழைய அட்டவணைகளை மறுபடி பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.