ஆலை வளர்த்த ஆட்டக் குழு

காரியாபட்டி வட்டாரத்தில் நூற்பாலை என்றதும் நூலும் கூலியுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் ஓர் ஆலை ஆட்டக் குழுவையும் வளர்க்கக்கூடும்.

பஞ்சாப் மாநிலத்துப் பக்வாராவில் ஜே.சி.டி. துணி ஆலை 1971-இல் ஒரு கால்பந்துக் குழுவைத் தோற்றுவித்தது. ஆட்டக்காரருக்கு ஆலையே ஊதியம் அளித்தது. நுழைவுச்சீட்டு வருவாயை நம்பி அவர்கள் வாழவேண்டியதில்லை. இக்கவலையின்மையே நிறுவனக் குழுக்களின் வலிமை எனலாம். 1996-97-இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கில் ஜே.சி.டி. வாகை சூடியது. சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியாவும் கேரளத்தின் ஐ.எம். விஜயனும் அக்குழுவில் ஆடியவர்களே.

ஆயினும், பிறர் கையால் உண்பவன் அக்கையையே பார்த்திருக்க வேண்டுமன்றோ? போட்டிகள் மக்கள் பார்வைக்குப் போதிய அளவு எட்டவில்லை என்று கூறி, நிர்வாகம் 2011-இல் குழுவைக் கலைத்தது. நாற்பது ஆண்டு வரலாறு ஓர் அறிவிப்பில் முடிந்தது.

ஜப்பானிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. நிக்கோ நகரில் 1925-இல் பிறந்த புருகாவா மின் நிறுவனத்தின் ஐஸ் ஹாக்கிக் குழு 1999-இல் கலைக்கப்பட்டது. ஆனால் அவ்வூரார் அதை மறைய விடவில்லை. ‘ஐஸ் பக்ஸ்’ என்னும் பெயரில், எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையுமாகாத நகரக் குழுவாக அது மறுபிறவி எடுத்தது.

குழுவைப் பெற்றெடுக்க ஓர் ஆலையின் செல்வம் போதும். அதை நெடுங்காலம் வாழவைக்க, “இது எங்கள் குழு” என்னும் ஊராரின் உரிமையுணர்வும் வேண்டும்.