ஜரிகையும் கிடார் தந்தியும்

காஞ்சிபுரத்து ஜரிகையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்கும் மேலே தங்க முலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிடாரின் தடித்த தந்திகளும் இதே கட்டுமானம்தான். உள்ளே பட்டு இழைகள், வெளியே உலோகக் கம்பிச் சுற்று. மெல்லிய தந்திகளைக் குடலில் திரித்தார்கள். நைலான் வந்தது 1940களில்தான்.

அதே காஞ்சியில், வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் சமணக் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. கூரையில் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாக ஓடுகிறது. இசைக்கென்று மண்டபம் எழுப்பிய ஊர். தறி போட்ட வீடே பட்டறையாகப் பழகிய வட்டாரம். இங்கே கையாலேயே ஒரு கிடார் செய்ய முடியுமா? தாராளமாக முடியும்.

மரத்தில் தொடங்குவோம். ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்லும் தென்னிந்திய மரத்தைத்தான் உலகம் கிடாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் தேடுகிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் மரத்தை விட்டு இதற்கு மாறியது 1969இல். 2017 முதல் இந்த இன மரங்களின் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. விலையும் அதிகம்.

ஆனால் நாதம் முதுகில் பிறப்பதில்லை. ஸ்பெயினின் கிடார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல் இதைச் செய்தே காட்டினார். பக்கமும் முதுகும் காகிதக்கூழ் அட்டை, முன்பலகை மட்டும் நல்ல மரம் என்று ஒரு கிடார் செய்தார். அது பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அப்படியானால் தஞ்சாவூர் வீணைக்குக் குடமாகும் பண்ருட்டிப் பலா, கிடாருக்கு முதுகாகக் கூடாதா? 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வீணையின் மரம் அது. என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். முன்பலகைக்கான ஸ்புரூஸ் மரம் மட்டும் வெளியிலிருந்து வரட்டும்.

வேலையின் உயிர் அந்த முன்பலகை. இழைப்புளியால் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள். இரண்டு விரலால் தொங்கவிட்டு, முட்டியால் தட்டிக் கேட்பார்கள். தடிமன் மிஞ்சினால் ஓசை அடைபட்டுப்போகும். மெலிந்தால், எஃகுத் தந்திகளின் சுமார் 70 கிலோ இழுப்பில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு முன்னால் பலகை குழிந்துவிடும். அதைத் தாங்க உள்ளே மெல்லிய சட்டங்களைக் குறுக்காக ஒட்டுவார்கள். அவற்றின் முனைகளை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்ப்பார்கள். பக்கப் பலகையோ இரண்டு மில்லிமீட்டர்தான். நனைத்துச் சூடான குழாயில் அழுத்தினால் இடுப்பு வளைவு மெல்ல வரும். அவசரப்பட்டால் பிளந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி நம் காற்று. ஐப்பசி மழையில் குழித்தறி நின்றுபோவதை நெசவாளர் குடும்பங்கள் அறியும். அதே ஈரத்தில் மரம் உப்பும். அப்போது ஒட்டிய முன்பலகை, பின்னால் ஏசி அறையில் சுருங்கி வெடிக்கும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது ஒட்டுவதே முறை. செய்து பார்க்க நினைப்பவர்கள் உளி, இழைப்புளி வாங்கும் முன்பே ஓர் ஈரப்பதமானி வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். பசை வேலையைப் பங்குனி, சித்திரையின் வறண்ட மதியங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.