சிறுவரோடு செய்யக்கூடிய குருவிக் கூடுகள்

தோட்டப் பயிர்களையும் நெல்லையும் அழிக்கும் புழுக்களுக்கும் வெட்டுக்கிளிகளுக்கும் பறவைகள் இயற்கைப் பகையாகும். இவற்றுள் குண்டுக்கரிச்சான், மைனா, ஊர்க்குருவி என்பன வீட்டை அடுத்து வாழ்வன. இவை மரப்பொந்து, சுவரிடுக்கு, கூரை இறப்பு முதலிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் முட்டையிடும். பட்ட மரங்களை விறகுக்குத் தறிப்பதனாலும், ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் இருந்த இடத்திற் கொங்கிறீற்றுத் தளம் வருவதனாலும் இத்தகைய இடங்கள் குறைகின்றன. இக்குறையைச் சில பலகைத் துண்டுகளாலும் ஒரு மண் முட்டியாலும் நீக்கலாம். பத்து வயதுப் பிள்ளையும் இவ்வேலையிற் பங்குகொள்ளலாம்.

குருவி நெல்லைத் தின்னாதா?

கமக்காரர் இவ்வாறு வினவுவது நியாயமே. வளர்ந்த ஊர்க்குருவி தானியந் தின்னும். ஆயினும், அது தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழுபூச்சிகளையே ஊட்டும். குண்டுக்கரிச்சானின் முக்கிய உணவும் பூச்சிகளே. கதிர் பால்பிடிக்கும் வேளையிற் கூட்டமாக வந்திறங்கும் தினைக்குருவிகளோ புல்லாற் பந்துபோன்ற கூடு கட்டுவன. ஆகவே, பெட்டி வைப்பதனால் அவை பெருகுமென அஞ்சவேண்டியதில்லை.

மண் முட்டி

ஊர்க்குருவிக்கு வீட்டுத் தாழ்வாரத்தில் முட்டி கட்டித் தொங்கவிடுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். சிறிய முட்டியொன்றை நீரில் ஊறவைத்து, அதன் பக்கத்தில் 1¼ அங்குல விட்டமுள்ள துவாரத்தைப் பெரியவர் மெதுவாகத் துளைத்தல் வேண்டும். அடியிற் சிறு துளையொன்று இடுக. வாயைச் சிரட்டையால் மூடி, கயிற்றால் இறுகக் கட்டி, பூனை எட்டாத உயரத்தில் தொங்கவிடுக.

பலகைப் பெட்டி

குண்டுக்கரிச்சானுக்கு இது ஏற்றது, மைனாவும் வரக்கூடும். முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகையில் பின்வரும் துண்டுகளை வெட்டிக்கொள்க:

1. பின்புறம்: 15 அங்குல நீளம், 6 அங்குல அகலம். இதில் 3 அங்குலம் பெட்டிக்குக் கீழே நீண்டிருந்து, மரத்தோடு கட்ட உதவும்.
2. முன்புறம்: 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம்.
3. பக்கங்கள் இரண்டு: 6 அங்குல அகலம், உயரம் பின்னே 12, முன்னே 10 அங்குலம்.
4. அடித்தளம்: 6 அங்குலத்துக்கு 4½ அங்குலம்.
5. கூரை: 10 அங்குலத்துக்கு 8 அங்குலம்.

பக்கப் பலகைகள் முன் பின் பலகைகளுக்கு இடையில் அமைதல் வேண்டும். முன்பலகையில் 2 அங்குலத் துவாரமிடுக. அதன் கீழ்விளிம்பு அடித்தளத்திலிருந்து 6 அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும். குஞ்சுகள் ஏறி வருவதற்காக உட்புறத்திற் கீறல்கள் இடுக. அடித்தளத்தில் நீர் வடிவதற்கு நான்கு சிறு துளைகள் வேண்டும். கூரையை, திறந்து மூடுமாறு, பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றால் இணைக்கலாம். துவாரத்தின் கீழ்க் குச்சி பொருத்துதலாகாது. அது காகத்துக்கே உதவும். உட்புறத்துக்கு மை பூசுதல் கூடாது. தகரப் பேணியிற் கூடு அமைத்தால் வெயிலிற் குஞ்சுகள் வெந்து மடியும்.

அறுத்தலும் துளைத்தலும் பெரியவர் வேலை. அளத்தல், கோடிடுதல், அரத்தாள் தேய்த்தல், ஆணியை எடுத்துக் கொடுத்தல் என்பன சிறுவர் வேலை.

வைக்கும் இடம்

பெரும்போக அறுவடைக்குப் பின் கிடைக்கும் ஓய்வு நாள்கள் இதற்கு ஏற்றவை. நிலத்திலிருந்து 6 முதல் 10 அடி உயரத்தில், பிற்பகல் வெயிலும் மழைச்சாரலும் துவாரத்திற் படாதவாறு பெட்டியைக் கட்டுக. மரத்தைச் சுற்றி 2 அடி அகலத் தகடு சுற்றினாற் பூனையும் எலியும் ஏறா. குண்டுக்கரிச்சான் தன் எல்லைக்குள் தன்னினத்து வேறு சோடியை அனுமதியாது. ஆதலால் ஒரு சிறு தோட்டத்துக்கு ஒரு பெட்டியே போதும்.

கவனிக்கவேண்டியவை

பறவை குடிபுகுந்தபின் பெட்டியைத் திறந்து பார்க்கவோ முட்டையைத் தொடவோ பிள்ளைகளை விடலாகாது. அவர்கள் தூரத்தே அமர்ந்து, தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் அரை மணி நேரத்தில் எத்தனை முறை இரை கொண்டுவருகின்றன என்பதை எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். ஒவ்வொரு முறையும் தோட்டத்திற் பூச்சி குறைகின்றது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். கவணை விட்டுவிடுமாறு அதற்குப் பின் அதிகம் வற்புறுத்தவேண்டியதில்லை. நாட்டின் பெரும்பாலான பறவைகளுக்கு 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாப்பளிப்பதையும் சொல்லி வைத்தல் நன்று.

குஞ்சுகள் கூட்டிலிருக்கும் நாள்களில் அயலிலுள்ள பயிருக்குப் பூச்சிநாசினி தெளிப்பதைத் தவிர்க்க. நஞ்சுண்ட புழுவைத் தாய்ப்பறவை ஊட்டினாற் குஞ்சுகள் இறக்கக்கூடும். பூச்சி தின்னும் பறவையையும் தோட்டம் இழக்கும். தெளித்தே தீரவேண்டுமாயின், தாக்குண்ட பாத்திகளுக்கு மட்டும், குறிப்பிட்ட அளவில் தெளிக்க.

குஞ்சுகள் பறந்து சென்றபின் பழைய கூட்டை அகற்றிச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, பெட்டியை மீண்டும் அதே இடத்திற் கட்டுக.